பேதுருவின் கால்

யாழ்ப்பாணம்
12.01.1986

அன்பின் அண்ணைக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் பியாட்றிஸ் மச்சாளும் பிள்ளைகளும் லெஸ்டர் குளிரில் வருத்தம் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே அம்மாவின் ஜெபம். மச்சாள் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா வேர்க்கிறது என்று முறைப்பாடு செய்கிறார். கழற்றச் சொன்னால் கழற்றமாட்டார்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிற வழியில், பெரிய கடைச் சந்தையின் பின்சுவரில் சில நாட்களாகப் படங்கள். கரியாலும் செங்கட்டித் துண்டாலும் கீறியவை. விலை குறைத்துக் கேட்டவனை வாய் கிழியத் திட்டுகிற மீன்காரி ஒருத்தி. வண்டிலோடு படுத்துவிட்ட மாடு ஒன்று. சித்திரம் படிப்பிக்கிற எனக்கு அந்த மாட்டின் முதுகெலும்பைப் போல ஒரு கோடு போட வராது. வெற்றிலைக்காரரிடம் விசாரித்தேன். "உது கூட்டுற பெட்டையின்ரை வேலை. அழிக்கச் சொல்லிப்போட்டன்" என்றார்.

பெயர் இராசாத்தி. வயது பத்தொன்பது. தண்ணித்தாங்கி லைனில், மாநகரசபைச் சுத்திகரிப்புத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கிறாள். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைப் பின்னால் ஒளித்தாள்.

"நீயோ கீறினது?"

"அழிக்கிறன், அம்மா."

"அழிக்கச் சொல்லேல்லை. ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை. கூட்டி முடிச்சாப் பிறகு நேரம் கிடக்கும்."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் அவள் இருந்த வாங்குப் பலகையில் வேறு பிள்ளைகள் இருக்கமாட்டார்களாம். அவளைப் போல லைனில் இன்னும் பல பெடியன்களும் பெட்டைகளும் இருக்கிறார்கள். வேலை முடிந்தால் போக இடம் இல்லை.

அவர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு சித்திர வகுப்பு நடத்தச் சபை மண்டபத்தைக் கேட்டேன். மண்டபச் செயலாளர் வேறு யாருமில்லை, உங்களுக்குக் கணக்குப் படிப்பித்த செல்வத்துரை மாஸ்டர்தான். முதலில் மூக்கில் உள்ள மச்சமும் சேர முகத்தைச் சுளித்தார். உங்கள் இங்கிலாந்துச் சபை இப்படியான வேலைகளுக்கு உதவும், மண்டபக் கூரைக்கும் வழி பிறக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே சம்மதம்.

முதல் வகுப்பு நேற்று முடிந்தது. பிள்ளைகள் படலையைத் தாண்டுவதற்குள் மாஸ்டர் காவலாளியைக் கூப்பிட்டு மண்டபம் முழுவதும் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னார். இராசாத்தி செருப்பை மறந்து திரும்பி வந்தவள், பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காவலாளியின் கையில் இருந்த வாளியை வாங்கினாள். "விடுங்கோ, உது எங்கடை வேலைதானே" என்று தானே கழுவினாள். மாஸ்டர் தடுக்கவில்லை. "மூலையையும் பார்" என்றார். 

நிறங்களும் தூரிகைகளும் அனுப்ப முடியுமா?

உங்கள் அன்புத் தங்கை,
சீலா


லெஸ்டர்
23.02.1986

அன்புள்ள தங்கச்சி சீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் தேவனுடைய தயவால் நலம். பியாட்றிசுக்குத் தடிமன், மூக்கொழுகல், வேறொன்றும் இல்லை. அம்மா கம்பளிச் சட்டையை விரும்புவது அறிந்து அவவுக்குச் சந்தோஷம்.

நீ எழுதியதை ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபையாருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த இரண்டு கிழவிகள் அழுதுவிட்டார்கள். இந்தச் சபையில் நான் பதினொரு வருடமாகக் கடைசி வாங்கில் இருந்தவன். அன்றைக்குத்தான் என் கையைப் பிடித்து, பெயரைக் கேட்டு, சரியாகச் சொல்லப் பழகினார்கள். நிறங்கள் ஒரு தெரிந்தவர் மூலம் வருகின்றன.

பினாயில் விஷயத்தைப் பெரிதுபடுத்தாதே. சுத்தம் நல்லதுதானே. மாஸ்டரோடு முரண்டுபிடித்தால் வகுப்புத்தான் நின்றுபோகும்.

பிள்ளைகளைப் புகைப்படம் சில எடுத்து அனுப்பு. வேலை செய்கிற உடுப்போடு, முடிந்தால் கையில் விளக்குமாறு வாளியோடு வரச்சொல். படத்துக்கென்று சிரிக்க வேண்டியதில்லை. உள்ளபடி இருந்தால்தான் இங்கே உள்ளவர்களுக்கு மனதில் படும்.

அம்மாவின் கால் வீக்கம் எப்படி? எழுது.

உன் அன்பு அண்ணன்,
எட்வேர்ட்


யாழ்ப்பாணம்
06.04.1986

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்காகவும் ஆண்டவருக்குத் தோத்திரம். மச்சாளின் தடிமன் இதற்குள் சுகமாகியிருக்கும். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. நிறங்கள் வந்து சேர்ந்தன. ஆனையிறவில் சோதித்த ஆமிக்காரன் சிவப்புக் குழாயைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுத் தன் காற்சட்டையில் துடைத்தானாம். மிச்சம் பத்திரம்.

படங்கள் இத்துடன் வருகின்றன. விளக்குமாறு இல்லை. நான் படம் எடுக்கப் போகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, இருக்கிற நல்ல உடுப்பில் வந்தார்கள். சிமியோன் என்கிற பெடியன் தன் தமையனின் கலியாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கழற்றிவிட்டு வாளியைத் தூக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தச் சிமியோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழிவுநீர்க் கான் துப்புரவாக்குகிறவன். படம் கீற வராது, எழுத்து வரும். ஒரு சனிக்கிழமை முழுவதும் தன் பெயரையே விதம் விதமாக எழுதிக்கொண்டிருந்தான். பிறகு பலகைத் துண்டுகளில் லைனில் உள்ளவர்களின் பெயர்களை எழுதி வீட்டு வாசல்களில் அடித்துவிட்டான். ஒரு மனிசி வந்து, செத்துப்போன தன் புருஷனின் பெயரையும் போடச்சொல்லி நின்றதாம். இதுவரை "டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்த மேற்பார்வையாளர், பெயர்ப் பலகையை வாசித்துவிட்டு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சைக்கிள் மணியை அடித்தாராம். லைன் முழுக்க அதே கதை.

மாஸ்டர் வகுப்பைத் தாண்டிப் போகும்போது லேஞ்சியால் மூக்கைப் பொத்துகிறார். அதே லேஞ்சியால் பிறகு முகத்தைத் துடைக்கிறார். என்னிடம் வந்து, "சீலா, உதுகளுக்குச் சித்திரம் என்னத்துக்கு? நாளைக்கு வேலைக்கு வரமாட்டம் எண்டுங்கள். நாறப்போறது நாங்களெல்லோ" என்றார். அவருடைய கக்கூஸ் வாளியை இருபது வருடமாகச் சுமந்தவர் இராசாத்தியின் தகப்பன் மார்க்கண்டு. அந்த நாற்றம் யாருடையது, அண்ணை?

இருந்தும் ஒரு நல்ல செய்தி. மண்டபத்தின் றோட்டுப் பக்கச் சுவரில் பெரிய படம் ஒன்று கீற நிர்வாகக் குழு அனுமதித்திருக்கிறது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிற காட்சி. "அவையளுக்குப் பொருத்தமான விஷயம்" என்றார்கள். பிள்ளைகளுக்குத் தலைகால் தெரியாத புளுகம், துள்ளுகிறார்கள்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

சீலா


லெஸ்டர்
18.05.1986

அன்புள்ள சீலா,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் அப்படியே அறிய விரும்புகிறோம். இங்கே வசந்தம் தொடங்கிவிட்டது.

படங்கள் கிடைத்தன. நல்ல படங்கள்தான். ஆனால் சிலர், இவர்கள் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது.

என்னை இப்போது பக்கத்துச் சபைகளிலும் பேசக் கூப்பிடுகிறார்கள். சபையின் மூப்பர்களில் ஒருவனாகவும் என்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். ஜூலை கடைசியில் எங்கள் சபையில் இருந்து மிஸ்டர் பென்டன் யாழ்ப்பாணம் வருகிறார். மிகவும் இளகிய மனிதர். கூரை விஷயம் அவர் கையில்தான். சுவர்ப்படம் அதற்குள் முடிந்தால் நல்லது.

அவர் ஏதாவது கேட்டால் விளக்கப் போகாதே. சுருக்கமாகப் பதில் சொன்னால் காணும்.

உன் அண்ணன்,
எட்வேர்ட்


யாழ்ப்பாணம்
29.06.1986

அன்பின் அண்ணைக்கு,

நீங்கள் மூப்பரானதை அம்மா அயலட்டை முழுக்கச் சொல்லிவிட்டார். தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. இங்கே கோட்டையில் இருந்து ஆமிக்காரர் ஷெல் அடிக்கிறார்கள். நாங்கள் இருக்கிற பக்கம் இன்னும் விழவில்லை. சுகமாக இருக்கிறோம்.

சுவர் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. தொடங்குமுன் பெரிய வாக்குவாதம். நான் யோவான் சுவிசேஷத்தை வாசித்துக் காட்டினேன். இராசாத்திக்கு விளங்கவில்லை.

"ரீச்சர், அவையின்ரை கால் ஏன் ஊத்தை?"

"அந்த நாளிலை செருப்போடை மண் றோட்டிலை நடக்கிறவை."

"அந்த றோட்டைக் கூட்டுறதுக்கு ஆக்கள் இல்லையோ?"

சிமியோன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"கூட்டுற ஆக்கள் இருந்திருப்பினம். அவையைப் புத்தகத்திலை எழுதேல்லை, அவ்வளவுதான். நான் கீறுறன்."

கீறினாள். சுவரைப் போய்ப் பார்த்தால் எருசலேம் இல்லை. பெரிய கடைத் தெரு. விடியற்காலம். ஒரு பக்கத்தில் விளக்குமாற்றோடு நிற்கிற பெண்கள், இன்னொரு பக்கத்தில் கான் வெட்டுகிறவர்கள். நடுவில் நீளமான வாங்கில் சீடர்கள். இயேசு ஒரு தகர வாளியோடு குந்தியிருக்கிறார். அந்தக் கைகளைப் பாருங்கள், அண்ணை. சுண்ணாம்பும் பினாயிலும் தின்று வெடித்த கைகள். மார்க்கண்டுவை நாலு நாளாக முன்னால் இருத்தி வைத்துக் கீறியது.

கால்கள் எல்லாம் ஊத்தை. ஆனால் மண் ஊத்தை இல்லை. ஒருத்தரின் காலில் மீன் செதில், ஒருத்தரின் காலில் வெற்றிலைத் துப்பல். தெருவில் பிள்ளைகள் தினமும் அள்ளுகிற குப்பைதான். பேதுரு கால் நீட்டமாட்டேன் என்று இழுத்துக்கொள்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டேன்.

"இது ஆரின்ரை முகம்?"

"பேதுரு, ரீச்சர்."

"பேதுருவுக்கு மூக்கிலை மச்சம் இருந்ததோ?"

"இல்லையெண்டும் எழுதேல்லைத்தானே."

செல்வத்துரை மாஸ்டர் தினமும் சுவரைத் தாண்டிப் போகிறார். லேஞ்சிக்கு மேலால் பார்ப்பதால் ஒன்றும் தெரிவதில்லைப் போல. நான் மூச்சு விடவில்லை. இந்த ஊரில் கனகாலத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

லைனில் இருந்து தாய்மார் வேலை முடிந்து வந்து றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள். தங்களைத் தாங்களே தேடுகிறார்கள்.

உங்கள் அன்பான,
சீலா


யாழ்ப்பாணம்
03.08.1986

அன்பின் அண்ணைக்கு,

வழமை போல முதலில் சுகம் விசாரிக்கிறேன். எல்லோரும் சுகம்தானே. நாங்களும் சுகம்.

மிஸ்டர் பென்டன் வந்து போனார். நல்ல மனிதர்தான். வெயிலில் சிவந்துபோய், செவ்விளநீர் குடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னார். சுவரின் முன் கனநேரம் நின்றார். பிறகு இராசாத்தியைப் பார்த்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பெண் தாய் தகப்பனை எந்த வயதில் இழந்தாள்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மார்க்கண்டு எங்களுக்குப் பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ஏன் அப்படிக் கேட்கிறீர்கள்?" என்றேன். "இவர்கள் எல்லோரும் அநாதைகள் அல்லவா? எங்கள் சபை முழுவதும் இவர்களுக்காக ஜெபிக்கிறதே" என்றார்.

இராசாத்தி என் முகத்தைப் பார்த்தாள். "என்ன ரீச்சர் கேக்கிறார்?"

சொன்னேன். அவள் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் செத்துப்போனியளாம்."

"எப்ப, பிள்ளை? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று மார்க்கண்டு சிரித்தார். பெடியன்களும் சிரித்தார்கள். பிறகு அவர் வெள்ளைக்காரரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

மாஸ்டர் குறுக்கே விழுந்து ஆங்கிலத்தில், "இவர் எங்கள் மண்டபக் காவலாளி" என்றார். கூச்சமில்லாமல், கண் வெட்டாமல். நான், "இல்லை, இவர் இவளுடைய தகப்பன்" என்றேன். பென்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படி விளங்கிக்கொண்டார் தெரியுமா? அநாதையை எடுத்து வளர்க்கிற காவலாளி என்று. மார்க்கண்டுவைக் கட்டிப்பிடித்து ஒரு படமும் எடுத்தார். நான் திருப்பிச் சொல்லச் சொல்ல அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

போகிற நேரத்தில் பேதுருவைக் காட்டி, "மிஸ்டர் செல்வத்துரை, இது நீங்கள்தானே! எவ்வளவு தாழ்மை உங்களுக்கு!" என்று பெரிதாகச் சிரித்தார். மாஸ்டர் அன்றைக்குத்தான் லேஞ்சியை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

அண்ணை, ஒரேயொரு கேள்வி. இந்தப் பிள்ளைகளை அநாதைகள் என்று அங்கே சொன்னது யார்?

சீலா


லெஸ்டர்
14.09.1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

இங்கே கோடை முடிந்து மழை தொடங்கிவிட்டது. மூத்தவள் பியானோப் பரீட்சையில் திறமையாகச் சித்தியடைந்தாள். பியாட்றிஸ் முன்னறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்திருக்கிறாள். மிஸ்டர் பென்டன் திரும்பி வந்து உங்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார். மண்டபக் கூரைக்கு உதவி உறுதியாகிவிட்டது. செல்வத்துரை மாஸ்டருக்கு நேரடியாக அறிவித்திருக்கிறார்கள்.

லண்டனில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. முப்பத்தெட்டு வயது, நம்முடைய சபை, கண்ணியமான குடும்பம். உன் படம் ஒன்று அனுப்பு. எத்தனை நாளைக்கு அங்கே கிடந்து இந்த வேலைகளில் அலையப் போகிறாய்?

அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி எடுத்தீர்களா?

அன்புடன்,
எட்வேர்ட்


யாழ்ப்பாணம்
26.10.1986

அண்ணைக்கு,

அம்மா சுகம். கண்ணாடி எடுத்துவிட்டோம். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். பியானோ இருக்கிறது, திரைச்சீலை இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார். நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. இல்லாததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுவர் போய்விட்டது. அன்றைக்கே அழித்திருப்பார்கள். ஆனால் கூரைக்கு ஓடு வரவேண்டுமே! அதற்காகப் பேதுருவின் மச்சத்தையும் சகித்துக்கொண்டு இரண்டரை மாதம் பொறுத்திருந்தார்கள். லொறியில் ஓடு வந்து இறங்கிய அதே கிழமை நிர்வாகக் குழு கூடியது. "கனம் பொருந்திய அங்கத்தவர்களை அவமதிக்கும் சித்திரம்" என்று தீர்மானம். கைதூக்கியவர்களில் பாதிப்பேர் முதல்நாள் ஆராதனையில் என்னோடு பாடினவர்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளையடிக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? மார்க்கண்டுவை. நான் கேள்விப்பட்டு ஓடிப்போனபோது அவர் சுண்ணாம்பு வாளியோடு சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். குழுவினர் நிழலில் கதிரை போட்டு இருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல.

"ஐயா, இது என்ரை பிள்ளை கீறினது" என்றார் மார்க்கண்டு.

"தெரியும். அதாலைதான் உன்னைக் கூப்பிட்டது. உங்கடை ஊத்தையை நீங்களே துடையுங்கோ" என்றார் மாஸ்டர்.

 மார்க்கண்டு வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

"உங்கடை வீட்டு ஊத்தையை நான் இருபது வரியம் தலையிலை சுமந்தனான், ஐயா. ஒருநாளும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இதைச் செய்யமாட்டன்."

"வேலையை யோசிச்சுக் கதை."

"யோசிச்சுத்தான் கதைக்கிறன்."

படலையால் போய்விட்டார். கடைசியில் மருதனார்மடத்தில் இருந்து ஒரு மேசனைக் கொண்டுவந்தார்கள். "வடிவான படமெல்லோ, ஏன் அழிக்கிறியள்?" என்று அவன் கேட்டான்.  எண்ணெய் நிறத்தின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்று தெரிந்ததும் சுரண்டச் சொன்னார்கள். அவன் முதலில் கால்களைச் சுரண்டினான். தூசு பறந்தது. எல்லோரும் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்கள்.

இராசாத்தி வந்தாள். அழுவாள் என்று பயந்தேன். "என்ரை பிரசுகளை எடுக்க வந்தனான்" என்றாள். நிறங்களும் தூரிகைகளும் சபையின் சொத்து என்று மாஸ்டர் அலுமாரியைப் பூட்டிவிட்டார். "சரி ஐயா, உள்ளுக்கை வைச்சுக் காயவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் இப்போது பாடகர் குழுவுக்குப் போவதில்லை. அந்த மண்டபத்தில் வாயைத் திறந்தால் பாட்டு வராது, வாந்திதான் வரும். வகுப்பு நிற்கவில்லை. லைனில், தண்ணித்தாங்கிக்குக் கீழே நடக்கிறது. கரியும் செங்கட்டியும் காணும், வேறொன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பமாட்டேன்.

சீலா


லெஸ்டர்
07.12.1986

அன்புள்ள சீலா,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள் உனக்கும் அம்மாவுக்கும். நாங்கள் எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தின் தொனி எனக்கு வேதனை தந்தது. தூரத்தில் இருப்பவனின் நிலைமை உனக்கு விளங்காது. இந்த நாட்டில் ஒரு கறுத்த மனிதன் சபையில் எழுந்து பேச, கேட்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் அது சும்மா வந்ததில்லை. அவர்களுக்கு விளங்கும் விதத்தில்தான் சொல்ல வேண்டும். சாதி என்று விளக்கப்போனால், கிறிஸ்தவர்களுக்குள்ளும் உண்டா என்று கேட்பார்கள். நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

மிஸ்டர் பென்டன் எடுத்த போட்டோவை வைத்துச் சபையார் சுவர்ப்படத்தை ஒரு வாழ்த்து அட்டையாக அச்சிட்டிருக்கிறார்கள், ஒன்று இத்துடன் வருகிறது. ஈஸ்டருக்கு ஆறு பேர் வந்து அதை நேரில் பார்க்க விரும்புகிறார்கள். சுவர் ஷெல் விழுந்து அழிந்துவிட்டது என்று நான் அறிவித்திருக்கிறேன். எல்லோரும் மிகவும் துக்கப்பட்டார்கள். விசேஷ ஜெபம் வைத்தார்கள். மாஸ்டருக்கும் எழுதிவிட்டேன், அவர் மறுக்கமாட்டார். நீயும் அப்படியே எழுது. பிள்ளைகளைச் சேர்த்து வேறொரு சுவரில் புதிதாக ஒன்று கீறுவி. முகங்கள் பொதுவாக இருக்கட்டும். தகப்பன்மார் அந்த நேரம் அங்கே நிற்காவிட்டால் நல்லது.

அம்மாவுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டாம்.

எட்வேர்ட்


யாழ்ப்பாணம்
18.01.1987

அண்ணைக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் சுகம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே உங்கள் கடிதத்தை வாசித்தார். மடித்து என் கையில் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கனநேரம் கை கழுவினார். 

மாஸ்டரைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பு வேறு. அவர் இந்த ஊர்க் கிணற்றிலேயே கிடந்து பழுத்தவர். நீங்கள் கடல் தாண்டிப் போய், குளிரில் நின்று, உங்களைத் தள்ளிவைத்தவர்களுக்கு முன்னால் கைகட்டி, அந்தத் தள்ளிவைப்பு எப்படி இருக்கும் என்று பதினொரு வருடம் அனுபவித்தவர். அதற்குப் பிறகும் மார்க்கண்டுவை ஒளிந்து நிற்கச் சொல்ல உங்களுக்குக் கை வருகிறது. உங்கள் எழுத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். சுவர் இருந்த நாளில் அதைப் பார்த்த வின்சன்ற் என்ற குருநகர்க்காரர், கொடிகாமத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறவர், லைனைத் தேடி வந்தார். பஸ்சின் பின்பக்கத்தில் அந்தோனியார் படம் வேண்டுமாம். இராசாத்தி கீறினாள், சிமியோன் ஊர்களின் பெயர்களை எழுதினான். டீசல் கிடைக்கிற நாளெல்லாம் அந்த பஸ் ஓடுகிறது. கொடிகாமத்தில் மரக்கறி மூட்டையோடு நிற்கிற சைவக்காரப் பெண்களும் அந்தோனியாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். அதைப் பார்த்து இன்னும் மூன்று மினிபஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள். லைன் வாசலில் இப்போது பஸ்கள் வந்து நிற்கின்றன. இராசாத்தி பாதி நாள்தான் கூட்டப் போகிறாள். அடுத்த வருடம் அதுவும் இல்லை என்கிறாள்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தானே பதில் எழுத வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்லச் சிமியோன் எழுதியது இத்துடன் வருகிறது. நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

சீலா


தண்ணித்தாங்கி லைன்
யாழ்ப்பாணம்
18.01.1987

எட்வேர்ட் ஐயாவுக்கு,

நீங்களும் உங்கடை வீட்டுக்காரரும் சுகமா இருக்க வேணும். நாங்கள் எல்லாரும் இஞ்சை சுகம்.

நீங்கள் அனுப்பின நிறங்களுக்கு நன்றி. நல்ல நிறங்கள். முந்தியே சொல்லியிருக்க வேணும்.

அந்தச் சுவரிலை ஷெல் விழேல்லை, ஐயா. ஷெல் விழுந்த இடம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். அதைக் கூட்டி அள்ளுறது நாங்கள்தான். போன மாதம் ஒரு வீட்டிலை அள்ளினது என்னெண்டு நான் உங்களுக்குச் சொல்லமாட்டன். உண்மையா ஷெல்லிலை செத்த ஆக்களுக்கு வைக்க வேண்டிய ஜெபத்தை நீங்கள் செல்வத்துரை ஐயாவின்ரை மேசன் சுரண்டின சுவருக்கு வைச்சுப்போட்டியள். எனக்கு அதுதான் சரியான அருவருப்பா இருக்கு. எங்களை அநாதை எண்டு சொன்னதைவிட.

அந்த அட்டையிலை இருக்கிற வேலை எங்கடை. கீழை எங்கடை பேர் இல்லையெண்டு ரீச்சர் சொன்னா. உங்கடை ஆக்கள் ஈஸ்டருக்கு வரட்டும். வேறை சுவர் வேண்டாம். அந்தச் சுவரையே காட்டுவம். சுரண்டின இடம் வடிவாத் தெரியுது. ஏன் சுரண்டினது எண்டு கேட்டா, ரீச்சர் இங்கிலீசிலை சொல்லுவா. பிறகு அவை விரும்பினா லைனுக்கு வரலாம். கதிரை நாலுதான் இருக்கு. மிச்ச ஆக்கள் பாயிலை இருக்கலாம்.

இதே விஷயத்தை ரீச்சர் இங்கிலீசிலை எழுதி பென்டன் ஐயாவுக்கு அனுப்பியிருக்கிறா. நேற்றே தபாலிலை போட்டாச்சு. உங்களுக்கு முந்தியும் கிடைக்கலாம், பிந்தியும் கிடைக்கலாம். அதாலை இது கிடைச்சு வாற ஞாயிற்றுக்கிழமை நீங்களே எழும்பி அவைக்குச் சொல்லுறது நல்லம் எண்டு அப்பா சொல்லச் சொன்னவர். எனக்கு அதிலை அவ்வளவு விருப்பமில்லை. அவர் சொன்னபடியாலை எழுதுவிக்கிறன்.

அவர் இப்ப கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிக்கிறார். இனித்தான் எல்லாரும் சாப்பிடப் போறம்.

இப்படிக்கு,
மார்க்கண்டுவின் மகள்
இராசாத்தி